இடக்கண் சாம்பலும் வலக்கண் சாம்பலும்

பேரன்புக்கும் பெரும்பயத்துக்கும் ஒருங்கே உரிய மருமகளும், தொலைபேசி வழியே இக்குடும்பத்தை ஆண்டுவரும் தளபதியுமான உனக்கு, உன் தாயின் ஒரே தம்பியும், முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து இந்நகரத்தின் பாதி ஜனத்தைக் கீழே விழாமல் காப்பாற்றியவனும், அதற்காக இன்றுவரை ஒரு சிலைகூட வைக்கப்படாதவனுமாகிய உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. அதை எழுதலாமா கூடாதா என்பது இன்னும் முக்கால் மணி நேரத்தில்தான் தெரியும். ஆகவே அந்த வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நான் எங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்பதையும் கடைசியில் சொல்கிறேன். இப்போதே பின்பக்கத்தைப் புரட்டாதே.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நம் வீட்டில் போன் பேசுவது பொதுக்கூட்டம் நடத்துவதற்குச் சமம். நான் போனைக் கையில் எடுத்தாலே உன் அம்மா கத்தியும் வெங்காயமுமாக எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். நான் சொல்லப்போவதில் பாதி அவளுக்குத் தெரியக் கூடாதது. மீதிப் பாதி அவளுக்குத் தெரிந்துபோய், அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது.

மூன்று வாரத்துக்கு முன் நீ எனக்கு இட்ட ஆணையை நினைவுபடுத்துகிறேன். “மாமா, அப்பாவோட ரெண்டாவது கண்ணு உங்க பொறுப்பு. வியாழக்கிழமை காலைல அவர் ஆஸ்பத்திரியில இருக்கணும். டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டீங்கல்ல? புரை முத்திப் போச்சு, இன்னும் தள்ளிப் போட்டா கல்லாட்டம் ஆயிடும், அழுத்தம் ஏறினா பார்வையே போயிடும். உங்க விளையாட்டையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டு இதை மட்டும் செஞ்சு முடிங்க.” செய்து முடிப்பதாக வாக்குக் கொடுத்தேன். விளையாட்டை மூட்டை கட்டுவது பற்றி நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை என்பதை மட்டும் பணிவுடன் குறித்துக்கொள்கிறேன்.

உன் அப்பாவின் வலது கண்ணில் அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று என்ன நடந்தது என்பதை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அத்தான் வீட்டுக்குள் வந்தார், செருப்பைக் கழற்றினார், நேராகக் கூடத்தில் இருக்கும் கண்ணாடி அலமாரிக்குப் போனார். அதில் அவர் பதினைந்து வருடமாகத் துண்டு துண்டாக ஒட்டிச் செய்த போர் விமானங்கள் நாற்பத்து மூன்றும் வரிசையாக நிற்கின்றன அல்லவா? ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒவ்வொன்றுக்கும் எந்த வருடம், எந்தப் படை, எந்தக் கடலோரம் என்று ஜாதகம் உண்டு. அந்தந்தப் படை அந்தந்த வருடத்தில் என்ன சாம்பல் அடித்ததோ அதே சாம்பலைக் கட்டைவிரல் உயர டப்பாக்களிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கலந்து அடித்தவை. அந்த அலமாரியைப் பார்த்து அவர் போட்ட கூச்சலில் மாடியில் என் பற்பசை மூடி உருண்டு கீழே விழுந்தது. “யாருடி என் பிளேனுக்கெல்லாம் நீலம் அடிச்சது?” என்றார். உன் அம்மா, “எனக்கு வேற வேலை இல்ல பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் வலது கண்ணைப் பொத்தினார், விமானங்கள் சாம்பலாயின. இடது கண்ணைப் பொத்தினார், நீலமாயின. மாற்றி மாற்றிப் பொத்தினார். தெருவில் போன தபால்காரர் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறார் என்று நினைத்துப் பதில் மரியாதை செய்துவிட்டுப் போனார்.

டாக்டரிடம் கேட்டேன். அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: புரை என்பது கண்ணுக்குள்ளேயே வளரும் பழுப்புக் கண்ணாடி, அது நீலத்தைத் தின்றுவிடும். ஆக உன் அப்பா பதினைந்து வருடமாக ஒரு டம்ளர் தேநீர் வழியாக உலகத்தைப் பார்த்திருக்கிறார்; நீலம் போதவில்லை, போதவில்லை என்று கூடக் கூட ஊற்றியிருக்கிறார். இதை நான் வீட்டில் வந்து விளக்கினேன். லிஃப்டின் பாரத்தைக் குறிக்கும் முள் தவறாக இருந்தால் அதைப் பார்த்து ஏறியவர்கள் கதி என்ன ஆகும் என்று உவமையெல்லாம் சொன்னேன். அத்தான் கேட்டார்: “மச்சான், வலது கண்ணுல வச்சது பிளாஸ்டிக்கு. அதுக்கு மூணு வாரம்கூட வயசாகல. இடது கண்ணுக்கு அறுபத்தேழு வருஷ சர்வீசு. ரெண்டும் சண்டை போட்டா நீ யார் பேச்சைக் கேப்ப?” அத்தோடு முடித்தார்: “டாக்டரம்மா தப்பு லென்ஸ் வச்சுட்டாங்க. உண்மையப் பாக்குற கண்ணு எனக்கு ஒண்ணுதான் மிச்சம். அதுல யாரையும் கை வைக்க விட மாட்டேன்.”

நான் கெஞ்சினேன். மிரட்டினேன். மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பேன் என்றேன். உன் அம்மா உடனே மூன்று நாளைக்கு எனக்கு அரிசி போட வேண்டாம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியதால் அதை அரை மணியில் கைவிட்டேன். கடைசியில் போன வெள்ளிக்கிழமை அத்தான் தானாகவே ஒரு பந்தயத்துக்கு வந்தார். உனக்கு ஹேங்கர்காரரைத் தெரியுமா? விமானப் படையில், விமானம் நிறுத்தும் ஹேங்கர் கொட்டகையில் முப்பது வருடம் பெயிண்ட் அடித்தே ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய படைப்பிரிவு கூடும் விழாவில் வைப்பதற்காக அத்தான் ஒரு கடலோரக் காவல் விமானம் செய்துகொண்டிருக்கிறார் அல்லவா, அதைப் பார்க்கப் புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவதாக இருந்தார். கடைசியில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்த விமானத்தின் அசல் துண்டு ஒன்றை முன்பே கொடுத்தும் அனுப்பியிருந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு தகர மூடி. உலகத்தில் அந்த விமானத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். பந்தயம் இதுதான்: விமானத்தின் வலது பாதிக்கு, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண் சொல்லும் சாம்பல். இடது பாதிக்கு, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண் சொல்லும் சாம்பல். மூடியைப் பக்கத்தில் வைத்து ஹேங்கர்காரர் எது சரி என்கிறாரோ, அந்தக் கண் சொன்னதே சட்டம். வலது ஜெயித்தால் வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. இடது ஜெயித்தால், ஆயுசுக்கும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. உன் அம்மா சாட்சி.

நான்கு நாள் வீட்டில் ஒரு நாட்டின் அணுகுண்டு தயாரானால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பதினான்கு சொட்டு சாம்பல், இரண்டு சொட்டு நீலம், அரைச் சொட்டு மஞ்சள் என்று அவர் முணுமுணுப்பார். அந்த அரைச் சொட்டை எப்படி அளக்கிறார் என்று கேட்டதற்கு என்னை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். கடைசியில் எப்போதும் இரண்டு சொட்டு வெள்ளை. எதற்கு என்றேன். “நிஜ பிளேனை நூத்தம்பது அடி தள்ளி நின்னு பாப்போம். நடுவுல காத்து இருக்கும். காத்து நிறத்தை வெளுக்கும். இது ரெண்டடியில இருக்கு, நடுவுல காத்தே இல்ல. அந்தக் காத்துக்குத்தான் இந்த வெள்ளை” என்றார். மருமகளே, காற்றைச் சொட்டுக் கணக்கில் ஊற்றுகிற மனிதரிடம் எதைச் சொல்லி வாதாடுவது? ஒரு பிற்பகல் மட்டும், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நாப்பத்திமூணும் தப்புன்னா, பதினஞ்சு வருஷமா நான் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன் மச்சான்?” அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த ஆள் கண்ணுக்காகச் சண்டை போடவில்லை, அலமாரிக்காகப் போடுகிறார் என்று. அலமாரிக்காகச் சண்டை போடுகிறவரை நியாயத்தால் ஜெயிக்க முடியாது. ஆகவே அநியாயத்தைக் கையில் எடுக்க முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு உன் அம்மா அவருக்குச் சொட்டு மருந்து விட்டாள். விட்டபின் பத்து நிமிடம் இரண்டு கண்ணையும் மூடிப் படுத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் நான் புரிந்த சாகசத்தைச் சரித்திர ஆசிரியர்கள் எழுத முந்நூறு பக்கம் எடுத்துக்கொள்வார்கள். வேலை மேசையில் விமானம் மூக்கை என் பக்கம் நீட்டி நின்றது. இரண்டு பாதிக்கும் அடித்த பெயிண்ட் டப்பாக்கள் அந்தந்த இறக்கைக்கு முன்னால் இருந்தன. வலது டப்பாவை எடுத்தேன். பிஸ்கட் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அசல் மூடியை எடுத்தேன். அதன் மேல் வலது டப்பாப் பெயிண்டை, ஒரே ஒரு பூச்சு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். இனி மூடியும் வலது பாதியும் இரட்டைப் பிள்ளைகள். ஹேங்கர்காரரின் தாத்தாவே வந்தாலும் வலதுதான் சரி என்பார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த இரண்டு டப்பாவும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. கலைஞர்களுக்கு ஏதோ தெரிகிறது என்று விட்டுவிட்டேன். ஒன்பதாவது நிமிடம் பெட்டியை மூடினேன். அடுத்த அறையிலிருந்து, “மச்சான், என்ன தின்னர் வாசனை?” என்றார். “சன்னல் வழியா வருது அத்தான், பக்கத்து வீட்ல கதவுக்கு அடிக்கிறாங்க” என்றேன். பக்கத்து வீட்டுக்கு இன்னும் கதவே வைக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்தரைக்கு, விமானத்தைக் கூடத்து மேசைக்குக் கொண்டுவந்து வைக்கும்போது அத்தான் சொன்னார்: “வலது இறக்கைய இடிச்சுடாத, பாத்து.” நான் நகர்ந்துகொண்டேன். “அது இடது” என்றார். “உங்களுக்கு எதிர்ல நிக்கிறேன் அத்தான், எனக்கு இதுதானே வலது?” என்றேன். “பிளேனுக்கு வலது இடது எல்லாம் ஓட்டுறவன் உக்காந்து பாக்குற கணக்கு. எதிர்ல நிக்கிறவன் கணக்கு கிடையாது. இது தெரியாம பதினஞ்சு வருஷம் இந்த வீட்ல என்ன பண்ணின?” என்றார். மருமகளே, நான்கு கம்பியும் ஒரே நேரத்தில் அறுந்த லிஃப்டில் நின்றிருக்கிறாயா? நான் நின்றிருக்கிறேன், புதன்கிழமை பத்தரைக்கு, தரைத் தளத்தில். நான் எடுத்தது இடது டப்பா. நான் மூடியை ஜோடி சேர்த்தது இடது கண்ணோடு. உன் அப்பாவின் கண்ணை அவிய விடுவதற்கு வேண்டிய சாட்சியத்தை என் கையாலேயே பூசி, பெட்டியில் போட்டு மூடியிருக்கிறேன். தின்னரால் துடைத்துவிடலாம் என்று பெட்டிப் பக்கம் போனேன். உன் அம்மா அதன் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். சாட்சி என்றால் இவள்தான் சாட்சி. பத்து ஐம்பத்தெட்டுக்கு அழைப்பு மணி அடித்தது.

ஹேங்கர்காரர் உட்காரவில்லை. தண்ணீர்கூட வாங்கவில்லை. “லைட்ட அணைங்க, இது பொய் வெளிச்சம்” என்றார். விமானத்தை ஒரு கைக்குழந்தையைப் போல எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனார். புரட்டினார், அடிவயிற்றைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் ரெண்டு நிறமா இருக்கே” என்றார். “ஆமாங்க. எது சரின்னு நீங்கதான் சொல்லணும்” என்ற அத்தானின் குரல் பரீட்சை முடிவு பார்க்கிற பையன் குரல் மாதிரி இருந்தது. “மூடியக் கொண்டாங்க.”

உன் அம்மா பெட்டியைத் திறந்தாள். அவர் மூடியை எடுத்தார். பார்ப்பதற்கு முன் மூக்குக்குக் கொண்டுபோனார். “இது நேத்து அடிச்ச பெயிண்ட்டு” என்றார். அவர் மூடியைப் பார்த்தார், பிறகு என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பிறை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. அத்தான் திரும்பினார். உன் அம்மா, “டேய்” என்றாள். அவ்வளவுதான், ஒற்றைச் சொல். நான் பிறந்தபோதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதுதான் என் வழக்கம்.

“அத்தான், உங்க கண்ணுக்காகத்தான்...” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வலது ஜெயிக்க வேண்டும் என்று அடித்ததையும், வலதுக்குப் பதில் இடதை அடித்ததையும். அத்தானுக்கு முதல் பாதி காதிலேயே விழவில்லை. “ரெண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஒண்ணு நீலம் பாய்ஞ்சது, ஒண்ணு பாயாதது. நிறம்கூடவா தெரியல உனக்கு?” என்றார். “உலகத்துல அந்தப் பிளேன்ல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்டா!” என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஹேங்கர்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே நகத்தால் மூடியின் ஓரத்தைச் சுரண்டினார். என் பூச்சு உரிந்தது. கீழே ஒரு சாம்பல். அதையும் சுரண்டினார், அதற்குக் கீழே வேறொரு சாம்பல். அதற்கும் கீழே பச்சை கலந்த ஒன்று. “வருஷத்துக்கு ஒரு டிரம் வரும். ஒவ்வொரு டிரம்மும் ஒரு மாதிரி. பாதியில தீந்துபோனா அடுத்த டிரம்மைப் பிரிப்போம். நிஜ பிளேன்லயே ரெண்டு இறக்கையும் ஒரே நிறம் கிடையாது. உங்களுது ரெண்டுமே சரிதான்” என்றார்.

தளபதி, அந்த நொடியில் உன் அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று விமானமும் ஒரே நேரத்தில் விடுதலையானது போல எழுந்தார். “கேட்டியா மச்சான்? ரெண்டுமே சரி! என் இடது கண்ணு தப்புப் பண்ணல! ஆபரேஷன் கிடையாது, முடிஞ்சு போச்சு!” உன் அம்மா பிஸ்கட் பெட்டியை மூடினாள். பெட்டி மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு தடவை அழுத்தினாள். நான் உனக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டேன். அப்படியே சன்னல் வழியாகப் பறந்துவிடலாமா என்று பார்த்தேன், கம்பி போட்டிருந்தது.

அப்போது ஹேங்கர்காரர், “நிறம் சரி. ஆனா இந்த முடிய ஏன் விட்டு வச்சிருக்கீங்க?” என்றார்.

“எந்த முடி?”

“இடது இறக்கையில. நடுவுல. உங்க புருவ முடிதான். பெயிண்ட்டோட சேர்ந்து படுத்திருக்கு.”

அத்தான் குனிந்தார். அவருடைய வலது கண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது, ஆனால் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மெதுவாக வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். இடது கண்ணால் தேடினார். மூக்கு இறக்கையைத் தொடுகிற வரை குனிந்தார். இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனார், திரும்பி வந்தார். “எங்க? எங்க இருக்கு?” என்றார். நானும் எட்டிப் பார்த்து, சபை மரியாதைக்காக “ஆமாம் ஆமாம்” என்று தலையாட்டினேன். ஹேங்கர்காரர் அத்தானின் சுட்டுவிரலைப் பிடித்து இறக்கையின் மேல் வைத்தார். “தொட்டுப் பாருங்க.” விரல் நகர்ந்தது. நின்றது. 

“நாலு கோட்டிங் அடிச்சேன்,” என்றார் அத்தான், கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே. “நாலு தடவையும் இது இங்கதான் இருந்திருக்கு.”

“எங்க ஹேங்கர்ல நிறத்துக்கு மன்னிப்பு உண்டு,” என்றார் அவர். “முடிக்குக் கிடையாது.”

அத்தான் கையை எடுத்தார். விமானத்தை வாங்கி மேசையில் வைத்தார், மூக்கு தன் பக்கம் இல்லாமல், ஓட்டுகிறவன் பார்க்கிற மாதிரி. பிறகு உன் அம்மாவிடம், ஏதோ கடைக்குப் போகிற நேரம் கேட்பது போல, “நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?” என்றார். உன் அம்மா “ஏழரை” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, வெங்காயம் நறுக்கினேன் என்றாள். வெங்காயக் கூடை காலியாக இருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது சொல்கிறேன். இன்று வியாழன். நான் ஆஸ்பத்திரியில், பின்பக்கத்தைக் குத்துகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தான் ஏழரைக்கு உள்ளே போனார். போகும்போது, “மச்சான், நான் வெளிய வர்றதுக்குள்ள எதுக்கும் பெயிண்ட் அடிச்சுடாத” என்றார். உன் அம்மா கதவைப் பார்த்தபடி நிற்கிறாள். நான் எழுதிக்கொண்டிருப்பதால் தைரியமாக இருப்பது போலத் தெரிகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும். நர்ஸ் இதோ வருகிறார்.

நன்றாக முடிந்ததாம். கல்லாகத் தொடங்கியிருந்ததாம், இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் சிக்கலாம். உன் அம்மா அந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். மேலே இடம் விட்டிருக்கிறேனே, அந்த வரியை நீயே நிரப்பிக்கொள்: இங்கு அனைவரும் நலம்.

மனிதனுக்குப் பயம் வரலாம், பிடிவாதம் வரலாம், ஆனால் கண் விஷயத்தில் டாக்டர் சொன்னால் மறுநிமிடம் போய்ப் படுத்துவிட வேண்டும். இதை என் அனுபவ உபதேசமாக உன் தலைமுறைக்கு விட்டுச் செல்கிறேன். நீ ஏறுகிற லிஃப்டெல்லாம் தளத்துக்குச் சமமாக நிற்கட்டும், நீ திறக்கிற கதவெல்லாம் உன் பக்கமே திறக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் கடமை தவறாத மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஓர் அவசரம். நன்றி சொல்லும் விதமாக அந்த நர்ஸிடம், “சுவருக்கு என்ன அருமையான சாம்பல் அடிச்சிருக்கீங்கம்மா” என்றேன். “ஐயா, இது நீலம்” என்றார். கட்டுப் போட்டு வந்து உட்கார்ந்திருந்த அத்தான், மீதியிருந்த கண்ணால் என்னைப் பார்த்தார். டப்பா, நகம், முடி எல்லாம் வரிசையாக அவர் முகத்தில் ஓடுவது தெரிந்தது. என்னை ஓர் எந்திரத்தில் மோவாயை வைக்கச் சொன்னார்கள். இரண்டு கண்ணிலும் புரையாம். அடுத்த வியாழனாம். மருமகளே, மேலே நான் எழுதிய அத்தனையையும், குறிப்பாகக் கடைசி உபதேசத்தை, இத்துடன் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்த டாக்டரம்மாளுக்கு ஒன்றும் தெரியாது; என் கண்களுக்கு அறுபத்திரண்டு வருட சர்வீஸ். உடனே போன் செய்து இதை நிறுத்து, உன் அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. உன் அப்பா எனக்கான படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டார். விசில் அடித்துக்கொண்டே எழுதுகிறார். பதினைந்து வருடத்தில் முதல் முறையாக, அவர் எழுத்து கோட்டை விட்டு இறங்கவே இல்லை என்கிறாள் உன் அம்மா. எனக்கு அந்தக் கோடே தெரியவில்லை.